பொலிஷ் மெஷின் வாங்கும் முன்: வீட்டில் கார் மினுக்க விரும்புவோருக்கு ஒரு கையேடு

எங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒரு ஒஸ்ரின் ஏ-40 நிற்கிறது. அப்பாவுடைய கார். 1990இல் பாதை பூட்டப்பட்டு, பெற்றோல் வடக்குக்கு வராமல்போன பிறகு, யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் இந்த வயதுக் கார்கள்தான். கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாங்கள் தென்மராட்சிக்குப் போனதும் அந்தக் காரில்தான். கூரையில் பெட்டி, பாய், அவற்றுக்கு மேல் ஒரு சைக்கிள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி சனத்தோடு சனமாக ஊர்ந்த அந்த இரவு முழுவதும் சைக்கிளின் பெடல் கூரையை உரசிக்கொண்டே வந்தது. அந்தக் கீறல்கள் இன்னமும் இருக்கின்றன.

அப்பா காலமான பிறகு, காரைக் கொஞ்சம் பளபளப்பாக்கிப் பார்ப்போமே என்று ஒரு கடையில் கொடுத்தேன். வேலைசெய்த பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் கையில் இருந்தது வேகமாகச் சுழலும் பெரிய மெஷின். பொனற்றின் விளிம்பில் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கமாட்டான். பெயின்ற் போய், கீழே இருந்த சாம்பல் நிற பிறைமர் தெரிந்தது. 1982இல் அப்பா அடிப்பித்த பெயின்ற் அது. அதை இனி யாராலும் திருப்பித் தர முடியாது.

மீதியை நானே செய்வதென்று அன்று முடிவெடுத்தேன். எந்த மெஷினை வாங்குவது என்று தேடித் தேடிப் படித்ததும், பழைய கதவு ஒன்றில் பழகியதும், பிழைவிட்டுத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழிவிடப்பட்டது. இப்போதும் வரியைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. இருக்கிற காரை இன்னும் பத்து வருடம் வைத்திருக்க வேண்டிய குடும்பங்கள் பல. ஓய்வு நாளில் தன் காரைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும், இதைச் சிறு வருமானமாக்கலாமா என்று யோசிக்கும் இளைஞர்களுக்கும் இது உதவக்கூடும்.

ஒரு தாளின் தடிப்பு

மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன், அது எதன்மீது ஓடப்போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போதைய கார்களில் தகரத்தின்மேல் பிறைமர், அதற்குமேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். கம்பனியில் அடித்த பெயின்ற் முழுவதும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரைதான். நாம் போட்டோகொப்பி எடுக்கும் வெள்ளைத் தாளின் தடிப்பு ஏறத்தாழ 100 மைக்ரோன். அதற்குள் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரோன். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவது அந்த மெல்லிய படைதான்.

பொலிஷ் பண்ணுவதென்றால் கீறலை நிரப்புவதல்ல. கீறலைச் சுற்றியுள்ள பெயின்றை அதன் அடிமட்டம் வரை தேய்த்து எடுப்பது. கடுமையான கொம்பவுண்ட் ஒரு தடவையில் சில மைக்ரோன்களைக் கொண்டுபோய்விடும். ஆகவே ஒரு கார் தன் வாழ்நாளில் தாங்கக்கூடிய பொலிஷுக்கு ஒரு கணக்கு உண்டு. நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது தட்டுப்படும் கீறல் ஆழமானது. அதை முழுதாக எடுக்க நினைத்தால் கிளியர் கோட் போய்விடும். கிளியர் கோட் ஏற்கெனவே செதில் செதிலாக உரிந்திருந்தால் எந்த மெஷினாலும் பயனில்லை. அங்கே மறுபடி பெயின்ற் அடிப்பதுதான் வழி.

பெயின்றின் தடிப்பை அளக்கும் சிறிய மீற்றர்கள் கிடைக்கின்றன. சாதாரணமானவை மொத்தத் தடிப்பை மட்டுமே காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டா. அப்படியிருந்தும் பயன் பெரிது. 200 மைக்ரோனுக்கு மேல் காட்டினால் அந்த இடம் மறுபடி பெயின்ற் அடிக்கப்பட்டிருக்கலாம். 500ஐயும் தாண்டினால் கீழே பட்டி பூசியிருக்க வாய்ப்பு அதிகம். 80க்குக் கீழே என்றால் மெஷினை அந்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்று வகை மெஷின்கள்

முதலாவது றோட்டரி. தட்டு ஒரே அச்சில் நேராகச் சுழலும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 முதல் 3,000 சுற்று. நம்மூர்க் கராஜ்களில் பெரும்பாலும் காண்பது இதுதான். வேலை வேகமாக முடியும், ஆழமான மங்கலையும் வெட்டியெடுக்கும். ஆனால் ஒரே இடத்தில் ஒரே திசையில் சுழல்வதால் சூடு சட்டென்று ஏறும். விளிம்பிலும் மடிப்பிலும் ஒரு கணம் தாமதித்தால் பெயின்ற் எரியும். பழக்கமில்லாத கை ஓட்டினால் வெயிலில் பார்க்கும்போது மேகம்போல் அலையும் தழும்பு தெரியும். இதை ஹொலோகிராம் என்பார்கள். கடையிலிருந்து எடுக்கும்போது எண்ணெய்ப் பசையில் மறைந்திருந்து, இரண்டு தடவை கழுவியதும் வெளியே வரும்.

இரண்டாவது டுவல் அக்ஷன், சுருக்கமாக டீஏ. இதன் தட்டு சுழன்றுகொண்டே, நடுவிலிருந்து விலகி ஒரு சிறு வட்டத்திலும் ஓடும். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவதுபோல. சுழற்சியை மோட்டர் வலுக்கட்டாயமாகச் செய்வதில்லை, அசைவின் போக்கில் தானாக வருகிறது. அதனால் அளவுக்கு மேல் அழுத்தினால் தட்டின் சுழற்சி நின்றுவிடும். புதிதாகப் பழகுபவருக்கு இந்தக் ‘குறை’தான் பாதுகாப்பு. சூடு பரவலாக ஏறும், ஹொலோகிராம் விழுவது அரிது, எரிப்பதற்குச் சிரமப்பட வேண்டும். நேரம் மட்டும் கூடப் பிடிக்கும்.

மூன்றாவது, இரண்டையும் சேர்த்தது. டீஏ போலவே இரட்டை அசைவு, ஆனால் சுழற்சியைப் பற்சக்கரம் கட்டாயமாக்கும். அழுத்தினாலும் நிற்காது. 8 மில்லிமீற்றர் வீச்சுள்ள பிளெக்ஸ் எக்ஸ்சி 3401 இந்த வகையில் பெயர்பெற்றது. மகிற்றாவின் பீஓ5000சீ, பீஓ6000சீ ஆகியவற்றில் கட்டாயச் சுழற்சியையும் சாதாரண டீஏ அசைவையும் மாற்றிக்கொள்ளலாம். வெட்டும் வலு அதிகம், அதிர்வும் இழுவையும் அதிகம். பழகிய கைக்கு நல்ல மெஷின். முதல் மெஷினாக நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வீட்டில் ஒரு காரைப் பார்த்துக்கொள்பவருக்கு டீஏ போதும்.

வீச்சு எத்தனை மில்லிமீற்றர்?

டீஏ வாங்கப் போனால் கடைக்காரர் வோட்ஸைத்தான் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது வீச்சு, அதாவது தட்டு நடுவிலிருந்து விலகி ஓடும் வட்டத்தின் அளவு. பழைய மெஷின்களில் 8 மில்லிமீற்றர். இத்தாலியின் றூப்ஸ் கம்பனி தன் எல்எச்ஆர் 15, எல்எச்ஆர் 21 மெஷின்களால் 15, 21 மில்லிமீற்றர் வீச்சுகளைப் பிரபலமாக்கியது. இப்போது விலை குறைந்த சீன மெஷின்களும் அதே அளவுகளில் வருகின்றன.

21 மில்லிமீற்றர் பெரிய, தட்டையான பரப்புக்கு ஏற்றது. வான், ஜீப் போன்றவற்றில் வேலை சீக்கிரம் முடியும். வளைவில் தட்டின் சுழற்சி இலகுவில் நின்றுவிடும். 15 மில்லிமீற்றர் நடுத்தரம். 125 மில்லிமீற்றர் தட்டுடன் வரும் இந்த வகை, நம்மூரில் அதிகம் ஓடும் சிறிய ஜப்பானிய, இந்தியக் கார்களுக்குப் பொருத்தம். 8 மில்லிமீற்றர் மெதுவானது, ஆனால் வளைவுகளில் அடங்கி நடக்கும். ஒரேயொரு மெஷின்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 15ஐ எடுங்கள்.

கடையிலேயே கையில் தூக்கிப் பாருங்கள். டீஏ ஒன்று இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும். கதவில் வேலைசெய்யும்போது அந்தப் பாரம் முழுவதும் கையில்தான். எங்களில் பலருக்குக் கையிலும் தோளிலும் பழைய காயம் உண்டு. ஷெல் துண்டை உடம்பில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானவர்கள் 75 மில்லிமீற்றர் தட்டுள்ள சிறிய மெஷினைப் பார்க்கலாம். வேலை மெதுவாகும். ஒரு நாளைக்கு ஒரு கதவு என்று வைத்துக்கொண்டால் போயிற்று. காயம்பட்ட கையில் விறைப்போ வலியோ தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

கனடாவிலிருந்து வரும் பெட்டி

“அண்ணா ரொறன்ரோவிலிருந்து நல்லதொரு மெஷின் அனுப்பியிருக்கிறார்” என்று சந்தோஷமாகச் சொன்ன ஒரு நண்பன், அதைச் செருகிய அன்றே புகையைப் பார்த்தான். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ற். இங்கே 230. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாமான் என்றால் 100 வோல்ற். அமெரிக்கப் பொழுதுபோக்காளர்களின் வீடுகளில் நெடுங்காலம் இருந்த போட்டர் கேபிள் 7424 மெஷினும் 120 வோல்ற்தான். செருகியை மாற்றினால் வோல்ற் மாறாது. மெஷினின் லேபிளைப் படித்த பிறகே செருகுங்கள்.

வந்த மெஷினை எறிய வேண்டியதில்லை. வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். 900 வோட்ஸ் மெஷினுக்கு 1,500 வீஏ அளவில் எடுத்தால் நிம்மதி. பாரமானது, விலையும் உண்டு. அந்தப் பணத்தைக் கணக்குப் பார்த்தால் இங்கேயே 230 வோல்ற் மெஷின் ஒன்றை வாங்குவது பல வேளைகளில் இலாபம். பிரித்தானியாவிலிருந்து அனுப்புபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வோல்ற் பொருந்தும், 13 அம்பியர் சதுரமுனைச் செருகியும் பொருந்தும்.

றோட்டரி என்றால் இன்னொரு வித்தியாசம். வட அமெரிக்க மெஷின்களின் தண்டில் மரை ஐந்தெட்டு அங்குலம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பெரும்பாலும் எம்14. இங்கே வாங்கும் பின்தட்டு அதில் ஏறாது. உறவினர் அனுப்பத்தான் போகிறார் என்றால், மெஷினை இங்கே வாங்கிக்கொண்டு, நல்ல பஃப்புகளையும் மைக்ரோபைபர் துணிகளையும் அங்கிருந்து கேளுங்கள். அவற்றுக்கு வோல்ற் கிடையாது.

கரண்டும் கிரைண்டரும்

டீஏ மெஷின்கள் பொதுவாக 500 முதல் 900 வோட்ஸ். றோட்டரி 1,000ஐத் தாண்டும். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் கரண்ட் நின்ற காலத்தில் வீட்டுக்கு வீடு சிறிய ஜெனரேற்றர் வந்தது. 1 கேவீஏ ஜெனரேற்றர் தொடர்ந்து தருவது ஏறக்குறைய 800 வோட்ஸ்தான். 900 வோட்ஸ் மெஷினை அதில் போட்டால் இரண்டுக்கும் கேடு. மெதுவாகத் தொடங்கும் வசதியும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சில்லும் மெஷினில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாதது விளையாட்டுச் சாமான். ஈரமான முற்றத்தில் வேலைசெய்யும்போது ட்றிப் சுவிற்ச் உள்ள இணைப்பிலிருந்து மட்டுமே கரண்ட் எடுங்கள். வயரைத் தோளுக்கு மேலாகப் போட்டுக்கொண்டால் பெயின்றில் உரசாது, பஃப்பில் சுற்றாது.

பற்றரி மெஷின்கள் வசதியானவை. ஆனால் ஒரு காரை முடிக்க ஒரு பற்றரி போதாது. இரண்டு மூன்று பற்றரியின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காசை மிச்சம்பிடிக்க ஆங்கிள் கிரைண்டரில் கம்பளிப் பஃப் பூட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்பு வெட்டும் சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். பொலிஷுக்குத் தேவையான வேகத்தைவிடப் பல மடங்கு. பெயின்ற் எரிவது ஒருபுறம், பஃப் கழன்று முகத்தில் அடிக்கும் ஆபத்து மறுபுறம்.

பஃப்புக்கும் காசு ஒதுக்குங்கள்

கையில் உள்ள காசு முழுவதையும் மெஷினுக்குக் கொடுத்துவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. நடுத்தர மெஷினும் நல்ல பஃப்புகளும் சேர்ந்தால், விலைகூடிய மெஷினும் மலிவான பஃப்பும் சேர்ந்ததைவிட நல்ல வேலை தரும்.

கம்பளி அதிகம் வெட்டும். மைக்ரோபைபர் அதற்கு அடுத்தது. பஞ்சில் கடினமானது வெட்டும், மென்மையானது மினுக்கும். பஞ்சின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பனியின் மஞ்சள் இன்னொரு கம்பனியின் வெள்ளை. எது எதற்கென்று உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரு காருக்குக் குறைந்தது நான்கைந்து பஃப் வேண்டும். ஒன்றையே வைத்து முழுக்காரும் ஓட்டினால் அது சூடேறி, பெயின்ற் துகளால் அடைத்து, புதிய கீறல் போடத் தொடங்கும். பஃப்பின் அளவு பின்தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். தட்டின் விளிம்பு பெயின்றில் பட்டால் அது நிரந்தர அடையாளம்.

கொம்பவுண்ட் இரண்டு போதும். வெட்டுவதற்கு ஒன்று, மினுக்குவதற்கு ஒன்று. கடைசியில் மெழுகு அல்லது சீலன்ற் ஏதாவது ஒன்று.

எங்கள் தண்ணீர், எங்கள் புழுதி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் காரிலும் படிகிறது. கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பு நிற்கும். புதிய புள்ளி என்றால் வினாகிரியையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து துணியில் எடுத்துத் துடைத்து, உடனே கழுவினால் போய்விடும். பல மாதம் வெயிலில் இறுகியது கிளியர் கோட்டை அரித்திருக்கும். அதற்குத்தான் மெஷின்.

வன்னியின் செம்மண் புழுதிக்கும் இதே கதை. காய்ந்த துணியால் காலையில் ஒரு துடைப்பு என்ற பழக்கம்தான் பெரும்பாலான கார்களின் சுழிக்கீறலுக்குக் காரணம். அந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் மெஷின் வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது. முதலில் தண்ணீரை ஓடவிட்டு மண்ணைக் கரைத்து, ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி என்று வைத்துக் கழுவி, நிழலில் உடனே ஒற்றி எடுங்கள். பல கார்களுக்கு இதற்குப் பிறகு மெஷினே தேவைப்படாது.

முதல் நாள்

முதலில் பழைய இரும்புக் கடையில் கழித்த கதவு ஒன்றை வாங்கிப் பழகுங்கள். விளிம்பு எப்படி எரிகிறது என்பதை அங்கே வேண்டுமென்றே எரித்துப் பாருங்கள். அந்தப் பாடம் சொந்தக் காரில் வேண்டாம்.

காரை நிழலுக்குக் கொண்டுவந்து கழுவி, கிளே கட்டியால் ஒட்டிய அழுக்கை எடுங்கள். றப்பர், பிளாஸ்ரிக், விளிம்புகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். பின்தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரியவேண்டும். ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றால் அழுத்தம் கூடிவிட்டது, அல்லது மெஷின் சரிந்திருக்கிறது என்று பொருள்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றைத் தெரிவுசெய்து, மென்மையான பஃப்பும் மினுக்கும் பொலிஷும் கொண்டு தொடங்குங்கள். மூன்று நான்கு சொட்டுப் போதும். மெஷினைப் பெயின்றில் வைத்த பிறகே சுவிற்சைப் போடுங்கள். குறுக்காகவும் நெடுக்காகவும், வினாடிக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வேகத்தில், நான்கு முதல் ஆறு தடவை. துடைத்துவிட்டு ரோர்ச் அடித்துப் பாருங்கள். போதாவிட்டால் மட்டும் கடுமையான கூட்டுக்குப் போங்கள். எது குறைந்த வெட்டில் வேலையை முடிக்கிறதோ அதுவே முழுக்காருக்கும். புறங்கையைத் தகரத்தில் வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்றவற்றின் பழைய பெயின்றில் கிளியர் கோட் இல்லை. மேலே தெரிவதே நிறம்தான். வெள்ளைத் துணியில் கொஞ்சம் பொலிஷ் எடுத்து மறைவான இடத்தில் தேயுங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் அது இந்த வகை. மேலே வெளிறியிருக்கும் படை இலகுவில் போகும், அடியில் நல்ல நிறம் இருக்கும். ஆனால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் மெஷின் போடக்கூடாது. கையால் தொடங்குவதே நல்லது. விளிம்பு, மடிப்பு, பட்டி பூசிய இடம் எல்லாம் கையால்தான். பழைய பெயின்றுகளில் ஈயம் இருந்திருக்கலாம். காய்ந்தபடி உரசித் தூளாக்காதீர்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள், சாப்பிட முன் கையைக் கழுவுங்கள்.

மற்றவர்களின் காரைப் பணத்துக்குச் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. முதலில் தடிப்பு மீற்றரை வாங்குங்கள். செய்ய முடியாததை முடியாது என்று வேலை தொடங்குமுன் சொல்லுங்கள். அந்த இடத்தைப் படமெடுத்துக் காட்டுங்கள். நீங்கள் பிடித்திருப்பது யாரோ ஒருவரின் பத்து வருடச் சேமிப்பு. சில வேளைகளில் அதற்கும் மேல்.

நான் கடைசியில் வாங்கியது 15 மில்லிமீற்றர் வீச்சுள்ள, விலை நடுத்தரமான ஒரு டீஏ. ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒஸ்ரினின் கதவுகளும் மட்கார்ட்டுகளும் அப்பாவின் காலத்துக் கருநீலத்துக்குத் திரும்பின. பொனற்றின் எரிந்த விளிம்பை அப்படியே விட்டிருக்கிறேன், துரு ஏறாமல் மெழுகு மட்டும் பூசி. கூரைக்கு ரேப் ஒட்டி, கீறல் உள்ள இடத்தைச் சுற்றி வேலைசெய்தேன். அம்மா வந்து பார்த்தார். சைக்கிள் உரசிய இடத்தைக் கையால் தடவிவிட்டு, “இதை எடுக்காமல் விட்டது நல்லதடா” என்றார்.